நாட்காட்டியில் விடுபட்ட மாதங்கள்



தொழுகைக்காகவும் நோன்பிற்காகவும் மாதவிலக்கு நாட்களைக் கணக்கிட்டு வைப்பவர்கள் நம் இல்லத்துப் பெண்கள். சமையலறை நாட்காட்டியில் அவர்கள் இடும் சிறு புள்ளிகளின் பொருள் அவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்தப் புள்ளிகள் இரண்டு மூன்று மாதங்கள் காணாமற் போனால் நாம் என்ன செய்கிறோம்? மணமானவள் என்றால், "விசேஷமா?" என்று கேட்கிறோம். மணமாகாதவள் என்றால், "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம்.

என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டுக்குச் சென்றுவந்தாள். மாதவிலக்கு முறைதவறியது. தாடையில் முடி அரும்பியது. கழுத்து கறுத்தது, அழுக்கென்று எண்ணிய தாய் கடலைமாவு தேய்த்துக் கழுவினார். மணமாகி மூன்றாண்டுகள் பிள்ளை இல்லாததால் சுடுசொற்கள் தொடங்கின. அதன் பிறகே மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அங்கே தெரிந்த முதற் செய்தி, அவளுக்கு நீரிழிவு நோய் தொடங்கிவிட்டது என்பதே. வயது இருபத்தைந்து! பிள்ளை இல்லையே என்று கவலைப்பட்ட எவரும், அவள் நலமாக இருக்கிறாளா என்று அதுவரை கேட்கவில்லை.

பெயரால் வந்த குழப்பம்

இந்நோயைச் சினைப்பை நீர்க்கட்டி என்கிறோம். மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்பர். 1935இல் சிகாகோ நகர மருத்துவர்கள் ஸ்டைன், லெவெந்தால் ஆகியோர் ஏழு பெண்களை ஆராய்ந்து இதனை விவரித்தனர். உண்மையில் இவை கட்டிகள் அல்ல. முதிர்ச்சி பெறாமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகளே. எனவே, கட்டி என்றதும் அறுவை சிகிச்சையையும் புற்றுநோயையும் எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

முறைதவறிய மாதவிலக்கு, ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லையெனில் இந்நோய் எனக் கொள்வர். வயதுக்கு வந்த சில ஆண்டுகள் வரை மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பாதலால், இளம் பெண்களுக்கு ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

இரத்தம் சொல்லும் செய்தி

உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடலின் திசுக்களுக்குள் சேர்ப்பது இன்சுலின். இந்நோயுள்ள பெண்களில் பலருக்கு இன்சுலினின் கட்டளைக்கு உடல் எளிதில் பணிவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, ஆண்தன்மை ஹார்மோன் பெருகுகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது. கழுத்தின் கருமையும் பெரும்பாலும் இதன் அடையாளமே.

உடலுக்குள் மெல்லிய அழற்சியும் கனன்றுகொண்டிருக்கிறது. அதனைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் புரதம், இப்பெண்களின் இரத்தத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதாக 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டனர். உடற்பருமன் மட்டுமே இதற்குக் காரணமன்று. எனினும் நோயை அறிய இந்தப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. நாமாகச் சென்று பணம் செலவிட வேண்டாம்.

தேவையானவை எளியவை: இரத்த அழுத்தம், கொழுப்பு அளவு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை. இது 140ஐ எட்டினால் எச்சரிக்கை; 200ஐ எட்டினால் நீரிழிவு. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டாதிருத்தல் நலம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு, 18 முதல் 40 வயதுப் பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறுகிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தக் கொழுப்பின் அளவு சீராக இல்லை.

செய்ய வேண்டியவை

உடல் எடை மிகுந்தவர்கள் நூற்றில் ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. எழுபது கிலோ உள்ளவருக்கு இது மூன்றரை கிலோ. பட்டினி வேண்டாம். வெள்ளைச் சோற்றையும் சர்க்கரைத் தேநீரையும் குறைத்து, பருப்பு, காய்கறி, மீனைக் கூட்டுங்கள். தெருவில் நடக்கத் தயங்குவோர் மொட்டை மாடியில் நடக்கலாம். இரவு ஷிப்டு முடித்து வரும் பெண்ணை உடனே அடுப்படிக்கு அனுப்பாமல் உறங்க விடுங்கள்.

மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிலக்கு வராவிட்டால் கட்டாயம் மருத்துவரைக் காண வேண்டும். கருப்பையின் உட்படலம் தடித்துப் பிற்காலத்தில் புற்றுநோய்க்கு வழிகோலலாம். மெட்ஃபார்மின் போன்ற மாத்திரை உண்போர், ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைப் பேற்றிற்கும் மாத்திரைகள் உண்டு; அதற்கு முன் கணவரும் பரிசோதனை செய்துகொள்வதே நியாயம்.

திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னைக்குப் போக வழியில்லை என்று இனிக் காத்திருக்க வேண்டியதில்லை.

என் மாணவிக்கு இன்னும் குழந்தை இல்லை. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாட்காட்டியில் புள்ளிகள் திரும்பியுள்ளன. அவளுடன் மருத்துவரிடம் இப்போது மாமியாரே செல்கிறார். தாய்மார்களே, இன்றிரவு உங்கள் மகளையும் மருமகளையும் அருகில் அமர்த்தி, கடைசிப் புள்ளி எந்த மாதத்தில் என்று கனிவோடு கேளுங்கள்.