ஒரு சட்டைக்குள் ஒரு நிமிடம்

விடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர் சாலையில் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். எரியோடு, வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் டிபன் டப்பாவும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாக ஏறுவார்கள். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் நிரப்பிய அந்தப் பாட்டில், மாலையில் பாதிகூடக் குறையாமல் வீடு திரும்புவதும் உண்டு. தாகம் எடுக்காமலா? தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் பீஸ் தேங்கும். தேங்கினால் சூப்பர்வைசர் வந்து தலைக்கு மேல் நிற்பார்.

இங்கே தைக்கப்படும் சட்டை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு கடையில் தொங்கும். அதன் பச்சை நிற அட்டையில் பருத்தி எப்படி விளைந்தது, மறுசுழற்சி எத்தனை சதவீதம் என்றெல்லாம் அச்சாகியிருக்கும். குறையாத தண்ணீர் பாட்டிலைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. ஒரு துணி நல்ல துணியா என்பதை எதைக் கொண்டு அளப்பது, அளவுகோலை யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்குத் திண்டுக்கல் ஒரு விடை சொல்லியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். ஸ்டாப்வாட்ச் கணக்கு.

டார்கெட் எங்கிருந்து வருகிறது?

கார்மென்ட்ஸ் ஆலையில் ஒரு சட்டையை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் பாக்கெட், ஒருவர் பட்டன் காஜா என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை விநாடி என்று அளந்து, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது ‘சாம்’. ஒரு சட்டைக்கு அனுமதிக்கப்பட்ட திட்ட நிமிடங்கள் என்பது இதன் பொருள்.

ஒரு சட்டையின் சாம் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லைனில் 30 டெய்லர்கள். ஒரு மணி நேரத்தில் அந்த லைனிடம் இருப்பது 30 பெருக்கல் 60, அதாவது 1,800 நிமிடங்கள். 20-ஆல் வகுத்தால் 90 சட்டைகள். இது நூறு சதவீதத் திறனில். நடைமுறையில் நூல் அறும், ஊசி உடையும், பண்டல் வரத் தாமதமாகும், ஓரிடத்தில் வேலை தேங்கும். ஆகவே 60 சதவீதத் திறன் என்று கணக்கிட்டு, மணிக்கு 54 என்று போர்டில் எழுதுவார்கள்.

இனி முக்கியமான இடம். நேரத்தை அளக்கும் இந்தக் கலை மனிதர்களை மறந்துவிடவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட வேலை ஆய்வுக் கையேட்டில் ஓர் அட்டவணை உண்டு. வேலைக்கான அடிப்படை நேரத்தை அளந்த பிறகு, தண்ணீர், கழிப்பறை போன்ற சொந்தத் தேவைகளுக்காக ஆண்களுக்கு 5 சதவீதமும் பெண்களுக்கு 7 சதவீதமும் கூட்டிக்கொள்ள வேண்டும். களைப்புக்கு இருவருக்கும் 4 சதவீதம் தனி. எட்டு மணி நேர ஷிப்டில் பெண்ணுக்குரிய அந்த 7 சதவீதம் ஏறத்தாழ அரை மணி நேரம். ஆக, பாத்ரூம் போகும் நேரம் யாரோ பார்த்துக் கொடுக்கும் சலுகை அல்ல. அது சட்டையின் கணக்குக்குள் முன்பே தைக்கப்பட்ட நேரம்.

அந்த அரை மணி எங்கே போகிறது?

ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது. டிசைனில் கடைசி நேரத்தில் ஒரு மாற்றம் வந்து நான்கு நாள் போய்விட்டது. கப்பல் காத்திருக்காது. 54 இருந்த போர்டில் 63 என்று எழுதப்படுகிறது. 60 சதவீதத் திறன் 70 ஆக வேண்டும் என்பதே இதன் பொருள். அந்த நேரம் எங்கிருந்து வரும்? நூல் அறுவதைத் திட்டி நிறுத்த முடியாது. மின்வெட்டைக் கெஞ்சி அனுப்ப முடியாது. லைனில் இழுத்தால் இழுபடுவது ஒன்றே ஒன்றுதான், மனித உடம்பு. தண்ணீர் நேரம், பாத்ரூம் நேரம், சாப்பாட்டு நேரத்தின் கடைசிப் பத்து நிமிடம்.

வேக நாகரிகம் (ஃபாஸ்ட் ஃபேஷன்) இந்த இழுவையை இன்னொரு வழியிலும் கூட்டுகிறது. 1936-இல் டி.பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர், விமானத் தயாரிப்பில் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தார். மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு முந்தையதில் ஏறத்தாழ 80 சதவீதமாகக் குறைகிறது. கை பழகுவதுதான் காரணம். தையலுக்கும் இதே வளைகோடு பொருந்தும். ஒரே மாதிரிச் சட்டையை மாதக்கணக்கில் தைத்தால் கை தானாக ஓடும். முன்பு ஆடை வணிகத்தில் ஆண்டுக்கு இரண்டு பெரிய பருவங்கள் இருந்தன. இப்போதோ சின்னச் சின்ன ஆர்டர்கள், வாரத்துக்கொரு புது மாடல். கை பழகுவதற்குள் மாடல் மாறிவிடுகிறது. டெய்லர் எப்போதும் வளைகோட்டின் செங்குத்தான தொடக்கத்திலேயே நிற்கிறார். டார்கெட்டோ கை பழகியவருக்கு எழுதப்பட்டதாக இருக்கிறது.

இடைவெளியை நிரப்புவது வசவு. சில இடங்களில் மாத்திரை. தமிழ்நாட்டு ஆலைகள் சிலவற்றில் மாதவிடாய் வலி வந்தால் பெயரே இல்லாத மாத்திரையைக் கொடுத்து மெஷினில் உட்கார வைக்கிறார்கள் என்று 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டு வந்தது. ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி எழுதிய புலனாய்வு அது. தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு வெக்கையில் உட்கார்ந்திருந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று எளிதாக வரும். கிருமிகளை அடித்து வெளியேற்றுவது சிறுநீரின் ஓட்டம்தான்.

லைனில் யாருக்கு எப்போது ‘பெர்மிஷன்’ என்பதை ஒருவர் முடிவு செய்கிறார். கேட்பவர் பெரும்பாலும் பெண். கொடுப்பவர் பெரும்பாலும் ஆண். சாதியும் இந்தச் சமன்பாட்டில் சேரும்போது, டார்கெட்டுக்காகத் திட்டும் அதிகாரம் வேறு அத்துமீறல்களுக்கும் கதவு திறந்துவிடுகிறது.

2021 ஜனவரி

அந்தக் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதை 2021 ஜனவரியில் திண்டுக்கல் பார்த்தது. நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த, இருபது வயதளவில் இருந்த தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைதானார். ஆலையில் தொல்லைகள் முன்பே இருந்தன என்று உடன் வேலை பார்த்த பெண்கள் பேச முன்வந்தார்கள். அந்த ஆலை உலகப் பெயர்பெற்ற பிராண்டுகளுக்குத் தைத்துக்கொண்டிருந்தது. அத்தகைய பிராண்டுகள் எல்லாவற்றுக்கும் நன்னடத்தை விதிகள் உண்டு, ஆடிட் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும் என்ற 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. பிறகு ஏன் எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை?

அளவியல் இதற்கு நேராக விடை சொல்கிறது. வேகமாக மாறும் ஒன்றை அளக்க வேண்டுமானால், அது மாறும் வேகத்தைப் போல இரு மடங்குக்குக் குறையாத வேகத்தில் அளக்க வேண்டும். இது சமிக்ஞைப் பொறியியலின் பாலபாடம். லைனில் வசவு மணிக்கு மணி மாறுகிறது. ஆடிட்டர் வருவது ஆண்டுக்கு ஓரிரு நாள். ஐப்பசியில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, சித்திரையிலும் தண்ணீர் இருக்கும் என்று எழுதிக் கொடுப்பது போன்றது அது. போதாததற்கு, வருகிற நாள் பல சமயம் முன்பே தெரியும். அன்று போர்டில் டார்கெட் குறையும், பாத்ரூம் பளபளக்கும்.

இதன் விலையை உலகம் பார்த்திருக்கிறது. கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலைக்கு 2012 ஆகஸ்டில் தொழிலாளர் நலத்துக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11 அன்று அது தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள்.

இஸ்திரிப்பெட்டி சொல்லும் பாடம்

வீட்டு இஸ்திரிப்பெட்டி துணியைக் கருக்காமல் இருப்பது எப்படி? உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு சின்னத் தகடு இருக்கிறது. சூடு ஏறினால் ஓர் உலோகம் மற்றதைவிடக் கூடுதலாக விரியும். தகடு வளைந்து மின் இணைப்பைத் துண்டிக்கும். ஆறினால் மறுபடி இணைக்கும். இதில் இரண்டு சங்கதிகள் உண்டு. தகடு சூடான தட்டோடு ஒட்டியே இருக்கிறது. அதே தகடு மின்சாரத்தோடும் இணைந்திருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சேலை போய்விடும்.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த இரண்டையும் ஆலைக்குள் கொண்டுவந்தது. தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் டி.டி.சி.யு. என்ற தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலாளர் சங்கம் ஒருபுறம். அதோடு ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் கூட்டமைப்பும் அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும். மறுபுறம் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ்; அவர்களிடம் வாங்கிய எச் அண்ட் எம், பின்னர் சேர்ந்த கேப், பி.வி.எச். பாலின வன்முறையைத் தடுக்க பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் ஆசியாவில் இதுவே முதலாவது. திண்டுக்கல்லில் உள்ள அந்நிறுவனத்தின் தையல் ஆலையும் பஞ்சாலைகளுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதற்குள் வந்தார்கள். ஹாஸ்டலும் கம்பெனி பஸ்ஸும்கூட வந்தன.

முதலில் தட்டோடு ஒட்டிய தகடு. தொழிலாளர் 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சங்கம் தேர்ந்தெடுத்த கண்காணிப்பாளர்கள். அவர்களும் அதே லைனில் தைத்தவர்கள்தாம். வசவு காதில் விழும் தொலைவில் உட்கார்ந்திருந்தவர்கள். அளக்கும் இடைவெளி ஓர் ஆண்டிலிருந்து சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது நிபந்தனை.

அடுத்தது மின் இணைப்பு. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கைவைத்தாக வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற நிலை இல்லை, கடமை. நன்னடத்தை விதிகளுக்கு இல்லாமல் போன ஒயர் இதுதான்.

முதல் ஆண்டில் 185 குறைகள் பதிவாயின. அவற்றில் 23 பாலினத் தொல்லை சார்ந்தவை. மொத்தத்தில் 98 சதவீதம் தீர்க்கப்பட்டன. 185 புகாரா என்று திகைக்க வேண்டியதில்லை. புகாரே வராத ஆலை நலமான ஆலை என்று நினைப்பது, தெர்மாமீட்டர் வைக்காத வீட்டில் காய்ச்சலே வராது என்று நம்புவது போல. ஒப்பந்தத்துக்கு இன்னொரு சோதனையும் வந்தது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் என்று சொல்லி 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி அப்பேரல் துணிகளைத் தடுத்து வைத்தது. நிலைமை சீர்செய்யப்பட்டதை ஏற்று, செப்டம்பரிலேயே தடையை விலக்கியது.

வெளியிலிருந்து ஓர் அட்டை

அதே 2022 ஜூனில் வேறோர் அளவுகோல் தடுமாறியது. ஆடைத் தொழில் தானே உருவாக்கிய ஹிக் குறியீட்டின் எண்களைக் காட்டி, இந்த ஆடை சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்வது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் என்று நார்வேயின் நுகர்வோர் ஆணையம் எச்சரித்தது. உலகச் சராசரியை வைத்து இழையை அளந்த அந்தக் குறியீட்டில் எரியோட்டுப் பெண்ணின் அரை மணிக்கு இடமில்லை. வெளியிலிருந்து ஒட்டிய அட்டை ஒன்று உரிந்துகொண்டிருந்த வேளையில், இங்கே உள்ளிருந்து ஓர் அளவு தொடங்கியிருந்தது.

தண்ணீர் விஷயத்தில் நமக்கு இந்தப் பாடம் புதிதில்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் கிணறுகள் உப்பான கதை திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியும். தோல் கழிவைப் பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் இந்த மாவட்டமும் இடம்பெற்றது. திருப்பூரில் சிக்கல் சாயத்தின் உப்பு. பருத்தி இழை, சாயம் இரண்டும் நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தணிக்க உப்பைக் கொட்டுகிறார்கள். சாயம் துணியில் ஏறும். உப்பு நொய்யலில் இறங்கும். சாம்பிள் பாட்டிலில் அளந்து கட்டுப்படுத்தப் பார்த்து முடியாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துளிகூட வெளியேறாமல், சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பையும் நீரையும் திரும்ப எடுக்கும் ஆலைகளுக்குத்தான் அதன்பின் வழி பிறந்தது. இஸ்திரிப்பெட்டியைப் போல அங்கும் சுற்றை மூடியதில்தான் வித்தை இருக்கிறது.

ஒரு ரூபாய்க் கணக்கு

பிராண்டு உண்மையிலேயே திருந்த நினைத்தால், ஆர்டர் தாளில் தொடங்கலாம். சாம் எத்தனை, அதில் சொந்தத் தேவைக்கான நேரம் எத்தனை என்று எழுதட்டும். புது மாடலின் முதல் நாட்களுக்குக் குறைந்த டார்கெட்டை ஒப்புக்கொள்ளட்டும். டிசைனைக் கடைசியில் மாற்றினால் கப்பல் தேதியையும் சேர்த்து மாற்றட்டும். இதையெல்லாம் சரிபார்க்க லைனில் உட்கார்ந்திருப்பவரின் சொல் போதும்.

செலவாகுமே என்பார்கள். அதையும் போட்டுப் பார்த்துவிடுவோம். கணக்கு எளிதாக இருக்க, ஒரு டெய்லரின் மாதச் சம்பளம் 12,480 ரூபாய் என்று கொள்வோம். 26 நாள், நாளுக்கு 480 நிமிடம். பெருக்கினால் அதே 12,480. அப்படியானால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். நம் 20 நிமிடச் சட்டையில், அடிப்படை நேரத்தின் மேல் கூட்டிய அந்த 7 சதவீதம் ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடம்.

தண்ணீர் பாட்டில் மாலையில் காலியாக வீடு திரும்ப, சட்டைக்கு ஒன்றேகால் ரூபாய்.