ஒரே படத்திற்கு இரு கட்டணமா?

ஹைதராபாத், அபிட்ஸ் பகுதியிலுள்ள ஜகதீஷ் மார்க்கெட்டில் கைப்பேசி வாங்குவோர் கேமரா, பேட்டரி, நினைவகம் ஆகியவற்றை நுணுகி விசாரிப்பர். ‘வைட்வைன்’ எந்நிலை என்று கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை.

வைட்வைன் என்பது இணையவழிப் படங்களுக்குக் கூகுள் வழங்கும் மின்னணுப் பூட்டு. எல்1 நிலையில் அப்பூட்டு, பிற செயலிகள் எட்ட இயலாத வகையில் சிப்புக்குள்ளேயே திறக்கப்படுகிறது. வங்கியின் பெட்டக அறையில் வாடிக்கையாளர் தம் பெட்டியைத் திறப்பதைப் பிறர் காண இயலாதது போன்றதே இது. எல்3 நிலையில் மென்பொருளே பூட்டைத் திறக்கிறது. நகலெடுக்கப்படும் என அஞ்சி, அத்தகைய கைப்பேசிகளுக்கு நெட்ஃபிளிக்ஸ் 480பி தெளிவையே தருகிறது.

விலையோ சிப்போ இதற்கு உத்தரவாதமன்று. 2018 ஆகஸ்டில் 20,999 ரூபாய் தொடக்க விலையில் வந்த போக்கோ எஃப்1, ஸ்னாப்டிராகன் 845 என்னும் உயர்தரச் சிப்பைக் கொண்டிருந்தும் எல்3 நிலையிலேயே இருந்தது. 2019இல் மென்பொருள் மேம்படுத்தல் வழியே எல்1 கிட்டியது. ஒன்பிளஸ் 5, 5டி உடைமையாளர்களோ அதற்காகக் கைப்பேசியையே நிறுவனத்திற்கு அனுப்ப நேர்ந்தது!

2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்த கட்டணங்களின்படி, 480பி தெளிவுள்ள கைப்பேசித் திட்டம் மாதம் 149 ரூபாய். 1080பி திட்டம் 499 ரூபாய். எல்3 கைப்பேசியில் மட்டுமே பார்ப்பவருக்கு இரண்டிலும் ஒரே தெளிவுதான். ஆண்டுக்கு 4,200 ரூபாய் வீண். தொலைக்காட்சியிலும் பார்ப்போருக்கு இக்கணக்குப் பொருந்தாது.

நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் ‘பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்’ பகுதி இந்நிலையைக் காட்டும். பழைய கைப்பேசி வாங்குவோர் பணம் செலுத்துமுன் இதனைப் பார்த்தல் நலம். பூட்லோடர் திறக்கப்பட்டிருப்பின் எல்1 கைப்பேசியும் எல்3 ஆகியிருக்கக்கூடும்.