வீதிக்குப் புறம்பான வாகனமும் பொதுவான வளியும்

ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் உதிரிப்பாகங்களை விற்போர் சில பாகங்களின் பொதிகளில் “வீதிப் பாவனைக்கு அன்று” எனப் பொருள்படும் வாசகம் ஒன்றைப் பொறிப்பது நெடுங்கால வழக்கம். பழைய விரைவுக் கார் ஒன்றிலிருந்து புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைக் கழற்றியபின் எஞ்சும் துவாரங்களை மூடும் தகடுகள், ஊக்கிமாற்றியின் இடத்திற் பொருத்தப்படும் வெறுங்குழாய்கள் முதலியன இவ்வகையைச் சார்ந்தன. பந்தயத் திடலில் மட்டுமே ஓடவிருக்கும் காருக்கு வீதிச்சட்டம் எதற்கு என்பதே இவ்வாசகத்தின் உட்கிடை. மேலோட்டமாக நோக்குமிடத்து இது நியாயமான வினாவாகவே தோன்றும். ஆயின் கார் ஒருவரின் தனியுடைமை. அதன் புகை சென்று கலக்கும் வளியோ எவருடைய தனியுடைமையும் அன்று. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு, அச்சாதனங்கள் ஏன் தோன்றின, அவை யாது செய்கின்றன, அவற்றைக் கழற்றுவோரின் மனக்குறை எத்துணை நியாயமானது என்பன ஆராயப்படல் வேண்டும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை 1943 ஆம் ஆண்டுக் கோடையிற் கண்களை எரிக்கும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. அதன் தோற்றுவாய் பல ஆண்டுகள் விளங்காதிருந்தது. 1950களின் தொடக்கத்திற் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், ஐதரோகாபன்களும் நைதரசனின் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்பதை நிறுவினார். அவ்விரு பொருள்களையும் பெருமளவில் வெளியிட்டவற்றுள் மோட்டார் வாகனங்கள் முதன்மையானவை. எனினும் அறிவியல் உண்மை தானாகவே சமூக நடைமுறை ஆகிவிடுவதில்லை. புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தக் கூட்டாகச் செயற்பட்டனர் என்று கார் உற்பத்தியாளர் மீது 1969 இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு அதே ஆண்டில் உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிவுற்றது. 1970 இன் தூயவளிச் சட்டமோ புதிய கார்கள் வெளியிடும் நச்சு வாயுக்களை ஏறத்தாழ 90 வீதத்தாற் குறைக்குமாறு பணித்தது. அதன் காலவரையறைகள் பின்னர் ஒத்திவைக்கப்பட்டபோதிலும் திசை மாறவில்லை.

இனிச் சாதனங்களை நோக்குவோம். எஞ்சினின் அடிப்பெட்டியிற் கசிந்து சேரும் வாயுக்களை மீண்டும் உள்ளிழுத்து எரிக்கும் வால்வு கலிபோர்ணியாவில் விற்பனையான 1961 ஆம் ஆண்டுக் கார்களிலேயே இடம்பெற்றது. தாங்கியிலிருந்து ஆவியாகும் பெற்றோலைக் கரித்தூள் நிரம்பிய கலமொன்று பற்றிவைத்து, பின்னர் எஞ்சினுக்கு வழங்குகின்றது. வார்ப்பட்டியாற் சுழலும் பம்பி ஒன்று வெளியேற்றுக் குழாயினுட் புதுக்காற்றைச் செலுத்தி, எரியாது எஞ்சியவற்றை எரியச்செய்கின்றது. தகனம் மிக உயர்ந்த வெப்பநிலையில் நிகழும்போது வளியிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்கின்றன. கழிவு வாயுவின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தினால் அவ்வெப்பநிலை தணிகின்றது. 1973 ஆம் ஆண்டுக் கார்களிற் பரவலான வாயு மீள்சுற்று வால்வின் தத்துவம் இதுவே. 1975 இல் ஊக்கிமாற்றி வந்தது. பிளாற்றினம், பல்லேடியம் ஆகியவற்றின் மேற்பரப்பிற் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபன்களும் ஒட்சியேற்றப்பட்டன. பிந்திய மாற்றிகளில் உரோடியமும் சேர்ந்து நைதரசனின் ஒட்சைட்டுகளைத் தாழ்த்தியது. ஈயம் ஊக்கியைச் செயலிழக்கச் செய்வதால் ஈயமற்ற பெற்றோல் தேவையாயிற்று. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயம் வீதிகளிலிருந்து நீங்க இதுவும் வழிகோலியது.

சாதனங்களைக் கழற்றுவோரின் மனக்குறை முற்றிலும் கற்பனையன்று. செவ்ரோலெற் கோர்வெற் காரின் 350 கன அங்குல எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை வகையின் வலு 1970 இல் 300 குதிரைவலு என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஈயம் குறைந்த பெற்றோலுக்கு ஏற்ப நெருக்கல் விகிதம் தாழ்த்தப்பட்டு 270 ஆயிற்று. 1972 இல் 200. 1975 இல் 165. இவ்வெண்களை மட்டும் காண்பவர் புகைச்சட்டமே எஞ்சினைக் கொன்றது என்று கூறுவர். ஆனால் 1971 வரை தரப்பட்டவை துணைக்கருவிகள் இன்றி எஞ்சினைத் தனியே நிறுத்தி அளந்த மொத்த வலு. 1972 முதல் தரப்பட்டவை காரிற் பொருத்தியவாறு அளந்த நிகர வலு. ஆகவே 270 இலிருந்து 200 ஆகக் குறைந்ததிற் பெரும்பகுதி அளவுகோல் மாறியதன் விளைவேயாம். அதன் பின்னர் நேர்ந்த வீழ்ச்சி உண்மையானது. 1975 இல் இரட்டை வெளியேற்றுக் குழாய்கள் ஒரே மாற்றியினுள் ஒடுக்கப்பட்டமை அதற்கு ஒரு காரணம். அவசரமாகத் தைத்த சட்டைபோன்று அச்சாதனங்கள் பழைய எஞ்சின்மீது போர்த்தப்பட்டன.

இருப்பினும் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. எரிபொருட் பீச்சலும் மின்னணுக் கட்டுப்பாடும் வந்தபின், அதே 5.7 லீற்றர் கொள்ளளவு கொண்ட கோர்வெற் எஞ்சின், ஊக்கிமாற்றியுடனேயே, 1985 இல் 230 நிகர குதிரைவலுவையும் 1992 இல் 300 நிகர குதிரைவலுவையும் வழங்கியது. 1970 இன் 300 மொத்த அளவு. 1992 இன் 300 நிகர அளவு. எனவே தூய்மையும் வலுவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அன்று குறைபாடுற்றிருந்தது தொழினுட்பமே. மேலும், கழற்றப்படுவனவற்றுட் பல வலுவைப் பறிப்பவையே அல்ல. கரித்தூட் கலம் வலுவைக் குறைப்பதில்லை. மீள்சுற்று வால்வு முழுவிசையில் ஓடும்போது மூடியே இருக்கும். அதனை நீக்கினாற் பந்தயத்தில் இலாபமில்லை, நடுத்தர வேகத்தில் எஞ்சின் தட்டொலி எழுப்பவும் கூடும். பல்லாண்டுகளுக்கு முந்திய மனக்குறை ஒன்று தன் காரணம் மறைந்தபின்னும் வழக்கமாக நிலைத்துவிட்டது.

சட்டத்தின் போக்கும் கவனிக்கத்தக்கது. 1970 இன் சட்டத்தில், விற்ற காரின் சாதனங்களைக் கழற்றலாகாது என்ற தடை உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் பிணித்தது. 1977 இல் திருத்துமிடங்களும், 1990 இல் எவரும் அதனுள் அடக்கப்பட்டனர். சாதனங்களைச் செயலிழக்கச்செய்யும் பாகங்களை விற்பதும் தடையாயிற்று. பந்தயத்திற்கென்றே உற்பத்தி செய்யப்பட்ட கார் இச்சட்டத்திற்கு அப்பாற்பட்டது. வீதிக்கெனச் சான்றளிக்கப்பட்ட கார் ஒன்றைப் பின்னர் பந்தயக் காராக மாற்றலாமா என்பதே பிணக்கு. மாற்றமுடியாது என்ற நிலைப்பாட்டைச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2015 இல் விதிமுறை வரைவொன்றில் வெளிப்படுத்தி, எதிர்ப்பெழுந்ததும் 2016 இல் அவ்வாசகத்தைக் கைவிட்டது. தனது நடவடிக்கைகள் பாகங்களைச் செய்து விற்போரையே முதன்மையாக நோக்கியவை என்றும் அப்போது விளக்கியது. மாற்றத்தை அனுமதிக்கும் மசோதா 2016 இற் காங்கிரசில் முன்வைக்கப்பட்டு, பின்னரும் மீளச் சமர்ப்பிக்கப்பட்டது.

ஞாயிறுதோறும் திடலில் ஓடும் சில பழைய கார்களால் ஒரு நகரின் வளி கெட்டுவிடாது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அவ்விளைஞரைக் குற்றவாளிகளாகக் காண்பது நேர்மையன்று. ஆனால் சிறுபான்மையினரின் பெயரால் இயங்கும் சந்தை அச்சிறுபான்மையினருடன் நிற்பதில்லை. வாங்குபவர் திடலுக்குச் செல்கின்றாரா, வீதிக்குச் செல்கின்றாரா என்று விற்பவர் கேட்பதில்லை. ஒரு தசாப்தத்தில் 550,000 இற்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களின் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் நீக்கப்பட்டன என்றும், அவற்றின் ஆயுட்காலத்தில் 570,000 தொன்னிற்கு மேற்பட்ட நைதரசன் ஒட்சைட்டுகள் மிகையாக வெளியாகும் என்றும் முகவரகம் 2020 இல் மதிப்பிட்டது. இவை பழைய விரைவுக் கார்கள் அல்ல. எனினும் “வீதிப் பாவனைக்கு அன்று” என்ற சொற்றொடர் எங்குச் சென்று முடியும் என்பதற்கு இவை சான்றாகின்றன. 2015 இல் அம்பலமான வொல்க்ஸ்வாகன் மோசடி, தனிமனிதர் சில்லறையாகச் செய்வதைப் பெருநிறுவனம் மொத்தமாகச் செய்யவல்லது என்பதையும் காட்டிற்று.

அப்புகையைச் சுவாசிப்போர் யாவர்? லொஸ் ஏஞ்சல்ஸின் பொயில் ஹைற்ஸ் போன்று, பெருந்தெருக்கள் ஊடறுத்துச் செல்லும் உழைப்பாளர் குடியிருப்புக்களின் மக்களே அவர்கள். அவர்களுக்கு வீதி எது, திடல் எது என்ற வேறுபாடு பொருளற்றது. ஆகவே வேண்டப்படுவது பந்தயக்காரர் மீதான பகைமையன்று. திடலுக்குரிய கார் திடலிலேயே நிற்பதை உறுதிசெய்யும் பதிவும், பொறுப்பை வாங்குவோரின் வாக்குறுதியின்மேற் சுமத்தாது விற்போரின்மேற் சுமத்தும் சட்டமுமாகும். பொதியின்மேல் அச்சிட்ட வாசகத்தால் புகையைக் கட்டுப்படுத்த இயலாது.