கோல்ப் களமும் குப்பை வண்டியும்

பௌர்ணமி கழிந்த விடியலில் நம் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையைக் கண்டோர்க்கு, முந்தை இரவு அதனை மிதித்த கூட்டம் எத்துணைப் பெரிதென ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தொன்னையும் தாளும் தண்ணீர்ப் புட்டியும் சொல்லிவிடும். பொழுது ஏறுமுன் அவை மறைகின்றன. மறையச் செய்வோரை நாம் நோக்குவதில்லை. 2024-ஆம் ஆண்டில் திருவண்ணாமலை நகராட்சி, மாநகராட்சியாக உயர்ந்தது. ஆதலின் மறு ஆண்டு சென்னை மாநகராட்சியில் எழுந்த தொழிற்பூசல் நமக்கு அயலூர்ச் செய்தி அன்று. அதனையும், அதனோடு தொடர்பற்றதுபோல் தோன்றும் ஒரு கோல்ப் களத்தின் வரவுக் கணக்கையும் ஒருங்கு வைத்து ஆராயப் புகுகின்றோம்.

2025 ஜூன் திங்களில் சென்னை மாநகராட்சி மன்றம், இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியார் நிறுவனம் ஒன்றினுக்கு ஒப்படைக்கத் தீர்மானித்தது. அம்மண்டலங்களில் மாநகராட்சியின்கீழ்த் தற்காலிகமாக உழைத்து வந்தோர் ஏறத்தாழ 2,000 பேர்; அவருட் பெரும்பாலார் பெண்டிர். ஆகஸ்டு 1 முதல் அவர்கள் ரிப்பன் மாளிகையின் முன்னர் நடைபாதையில் அமர்ந்தனர். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்று வந்த தமக்கு இனிப் பல ஆயிரம் குறையும் என்பதும், பத்தாண்டுக்கு மேலும் உழைத்த பின் நிரந்தரம் என்னும் நம்பிக்கை அற்றுப்போம் என்பதும் அவர்தம் முறையீடு. மாநகராட்சியோ, எவர் வேலையும் பறிபோகவில்லை, ஒப்பந்த நிறுவனத்திற் சேர்வார்க்குச் சேமநிதியும் காப்பீடும் உண்டு என்றது. 13-ஆம் நாள் நள்ளிரவில், நீதிமன்ற ஆணையைக் காட்டிக் காவலர் அவர்களை அப்புறப்படுத்தினர்.

இத்தகைய பூசல் எங்கு நேரினும் ஆட்சியாளர் வாயில் முதலில் வரும் சொல் 'செலவு' என்பதே. செலவு மெய்தான். நிரந்தரப் பணியாளர் ஒருவர்க்கு ஊதியம் மட்டுமன்றி விடுமுறை, ஓய்வுக்காலப் பயன் முதலியவும் அளித்தல் வேண்டும். ஆயின் கணக்கேட்டில் செலவுப் பக்கம் ஒன்றே உளதோ? வரவுப் பக்கத்தையும் புரட்டுவோம்.

கிண்டியில் குதிரைப் பந்தயச் சங்கத்தார் வசம் 160.86 ஏக்கர் அரசு நிலம் இருந்தது. 1946 முதல் 99 ஆண்டுக்குக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. வகுத்துப் பார்த்தோம்: ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு நான்கு ரூபாயும் இல்லை! குதிரை ஓடும் வட்டத்தின் நடுவேதான் ஜிம்கானா சங்கத்தாரின் கோல்ப் களம் பரந்து கிடந்தது. 1970-இல் அரசு வாடகையை உயர்த்த முற்பட்டது, சங்கத்தார் உடன்பட்டிலர். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், 2004 வரையுள்ள வாடகைப் பாக்கியாக 730.86 கோடி ரூபாயைச் செலுத்துமாறு சங்கத்தாரைப் பணித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி, வாயிலுக்கு முத்திரை வைத்தது. அதன்பின் 118 ஏக்கரிற் பூங்கா அமையும் என அறிவிக்கப்பட்டது. வெள்ளம் தணியும்பொருட்டு மாநகராட்சி அங்கே குளங்கள் வெட்டத் தொடங்கியது. சங்கத்தார் வழக்காடினர்.

ஈண்டு ஒரு தடை எழும். எம் உடன் பயில்வார் ஒருவர், இவ்விரண்டும் ஒரே பை அல்லவே என்றார். உண்மை. நிலம் மாநில அரசினது. துப்புரவாளர் ஊதியம் மாநகராட்சியினது. கிண்டி வாடகை முழுதும் வந்திருப்பினும் அதில் ஒரு காசேனும் இராயபுரத்துக் குப்பை வண்டி தள்ளுவோரைச் சேர்ந்திருக்கும் என யாம் துணிந்து கூற மாட்டோம். எனினும் மாநகராட்சிகள் மாநில அரசின் மானியத்தையும் நம்பி வாழ்வன அன்றோ? ஊதியத்தில் மாதந்தோறும் சில ஆயிரத்தை எண்ணிப் பார்க்கும் ஆட்சிமுறை, நிலத்தில் பல கோடியைப் பதிற்றாண்டுகள் வாங்காது விட்டிருந்தது என்பதே யாம் சொல்ல வந்தது.

கோல்ப் ஆட்டத்தின்மேல் எமக்குப் பகை இல்லை. அவ்வாட்டம் வளர்ந்த ஸ்காட்லாந்து நாட்டுச் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், களம் தனியார் சங்கத்தினது அன்று, பொதுவினது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதனைப் பேணுகின்றது. கட்டணம் செலுத்துவோர் எவரும் ஆடலாம். பழைய களத்திலோ ஞாயிறு தோறும் ஆட்டம் நிற்கும். ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புற்றரையில் உலாவுவர். கிண்டியில் அத்தகைய ஞாயிறு இருந்ததில்லை.

ரிப்பன் மாளிகை வழக்கிற்கு வருவோம். 2025 ஆகஸ்டு 20-இல் உயர் நீதிமன்றம் தனியார்வசமாக்கும் தீர்மானத்தை நீக்க மறுத்தது. ஆயினும் தொழிலாளர் கடைசியாகப் பெற்ற ஊதியம் குறைதல் ஆகாது என்றது. நிரந்தரம் கோரிய வழக்கு வேறு. அது தொழில் தீர்ப்பாயத்தின் முன் நின்றது. ஆகவே குறையுமென அஞ்சிய ஆயிரங்களுக்குக் காப்பு கிடைத்தது. பத்தாண்டுப் பணிக்கு விடை கிடைக்கவில்லை.