புளூஸ் இசையும் ஓர் ஆங்கில நடிகரும்

2011ஆம் ஆண்டு மே திங்களில் இங்கிலாந்தில் ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயர் 'லெட் தெம் டாக்'. பேசுவோர் பேசட்டும் என்பது அதன் பொருள். அதிலுள்ள 15 பாடல்களில் பெரும்பாலானவற்றைப் பாடி, பியானோவும் வாசித்தவர் ஹியூ லாரி என்பவர். அவர் நடிகர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2004 முதல் 2012 வரை நடைபெற்ற 'ஹவுஸ்' என்னும் தொடரில், எவரிடமும் சீறி விழும் மருத்துவராகத் தோன்றி உலகெங்கும் அறியப்பட்டவர்.

நடிகர் பாடுதல் புதுமை அன்று. அவர் பாடியவை புளூஸ் பாடல்கள் என்பதே பலரை வினவச் செய்தது. துன்பப்பட்டவர் பாடிய பாட்டைத் துன்பமறியாதவர் பாடலாமா? இவ்வினாவிற்கு விடை காணுமுன், புளூஸ் என்பது யாது என அறிதல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பின்னும் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு, விளைவில் பங்கு கொடுத்து, மீளாக் கடனில் உழன்றனர். அவர்தம் வயற்பாடல்களும் வழிபாட்டுப் பாடல்களும் கலந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளூஸ் உருப்பெற்றது. நீலத்தைக் குறிக்கும் 'புளூ' என்னும் சொல் ஆங்கில வழக்கில் மனச்சோர்வையும் குறிக்கும். ஆயினும் புளூஸை வெறும் அழுகை எனக் கொள்ளுதல் பிழை. அதில் நகையும் உண்டு, எள்ளலும் உண்டு. இத்தொகுப்பிலேயே சூடான சோளமாவுப் பண்டம் விற்பதைக் கூறும் ராபர்ட் ஜான்சனின் பாடல் ஒன்று துள்ளி ஓடுகிறது.

இதன் யாப்பு எளிது. மூன்று அடி; முதலடி இரண்டாம் முறையும் வரும்; மூன்றாம் அடி அதற்கு விடை கூறும். அடி ஒன்றுக்கு 4 தாளக் கூறுகள், ஆக 12. ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழப் பாதிவரையே குரல் ஒலிக்கும். எஞ்சிய இடத்தில் இசைக்கருவி மறுமொழி சொல்லும். இதன் உயிர் சுரத்தில் உள்ளது. நம் இசை வழக்கில் கூறுவதாயின், சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையே குழைந்து நிற்கும் ஒலி அது. குரலால் அதைத் தொடலாம். கிதார்க் கம்பியை இழுத்தும் தொடலாம். பியானோவிலோ அந்த இடைவெளிக்குக் கட்டை இல்லை. ஆகவே புளூஸ் பியானோக்காரர் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நழுவவிட்டு, இல்லாத சுரத்தை இருப்பதுபோல் கேட்கச் செய்வர்.

லாரியின் பிறப்பும் வளர்ப்பும் இவ்வுலகுக்கு வெகுதொலைவு. அவர் 1959இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் படகுப் போட்டியில் பொற்பதக்கம் வென்றவர். மகன் கற்றது செல்வர் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும். இவ்வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை. தாம் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த வெள்ளை ஆங்கிலேயர் என்றும், அமெரிக்கத் தென்னாட்டு இசைக்குள் அத்துமீறி நுழைபவர் என்றும் தொகுப்பின் முன்னுரையில் தாமே எழுதினார்.

அம்முன்னுரையில் ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. சிறுவயதில் லாரி பியானோ கற்கச் சென்றார். தொடக்கப் பாடங்கள் சலிப்பூட்டின. 'சுவானி ரிவர்' என்னும் பாட்டுள்ள பக்கம் வரட்டும் என்று அவர் காத்திருந்தார். அப்பக்கமும் வந்தது. அது நீக்ரோப் பக்திப்பாடல் என்றும், தாளம் சற்றே தட்டி வரும் என்றும் அங்கே குறித்திருந்ததைக் கண்ட ஆசிரியை, இது வேண்டாம் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். முறையான இசைக்கல்வியோடு சிறுவனுக்கிருந்த உறவு அன்றே அறுந்தது. பின்னர் வானொலியில் கேட்ட புளூஸ் பாட்டு ஒன்று அவரைப் பற்றிக்கொண்டது. மாணவன் ஆவலோடு காத்திருக்கும் பக்கம் எது என்று அறியாமலே எத்தனை பக்கங்கள் வகுப்பறைகளில் திருப்பப்படுகின்றனவோ!

இங்கு மற்றொரு விந்தை. அப்பாட்டுப் புத்தகத்தின் குறிப்பே தவறு. 'சுவானி ரிவர்' பக்திப்பாடலும் அன்று. கறுப்பின மக்கள் இயற்றியதும் அன்று. 1851இல் ஸ்டீபன் ஃபாஸ்டர் என்னும் வெள்ளையர் அதை இயற்றினார். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப்போல் ஆடிப்பாடிய மேடைக்காட்சிகளுக்காக எழுதப்பட்ட பாட்டு அது. ஃபாஸ்டர் அந்த ஆற்றைக் கண்டதில்லை. பெயரை நிலப்படத்தில் எடுத்து, ஓசைக்காகச் சுருக்கிக்கொண்டார். முதற்பதிப்பில் இயற்றியவர் பெயராக அச்சேறியதும் அவர் பெயரன்று. காட்சிக் குழுவின் தலைவரான கிறிஸ்டியின் பெயரே. அடிமை வாழ்வு வாழ்ந்தவன் பழைய தோட்டத்தை எண்ணி ஏங்குவதாக அமைந்த அப்பாட்டை ஃபுளோரிடா மாநிலம் 1935இல் தன் பாட்டாக ஏற்றது. சொற்கள் புண்படுத்துகின்றன என்ற குறைகேட்டு 2008இல் அவற்றை மாற்றியமைத்தது. ஆகவே, பிறர் குரலைத் தன் குரலாகப் பூண்டு பாடும் வழக்கம் லாரியிடம் தொடங்கியதன்று. அதன் பழைய சான்று ஒன்றையே தம் தொகுப்பில் சேர்த்து, ஏக்கத்தை ஒதுக்கி, விரைநடையில் அவர் பாடியுள்ளார்.

எனினும் வினா முழுதும் தீர்ந்துவிடவில்லை. இவ்விசையைப் படைத்தவர் பலர் அதன் பயனைத் துய்க்கவில்லை. தொகுப்பிலுள்ள ஒரு பாடல் படி போல்டனைப் பற்றியது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கார்னெட் என்னும் ஊதுகருவி வாசித்துப் புகழெய்திய அவர், 1907இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு ஒன்றும் இன்று கிடைப்பதில்லை. 'டிப்பிட்டினா' என்னும் பாடலை 1953இல் பதிவுசெய்த புரொபஸர் லாங்ஹேர், பின்னாளில் வறுமையுற்று ஓர் இசைத்தட்டுக் கடையில் தரை கூட்டினார். 1971இல் அந்நகரின் இசைவிழாவில் மீண்டும் மேடையேற்றப்பட்ட பிறகே அவருக்கு மறுவாழ்வு கிட்டியது. லாரியின் தொகுப்போ பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது. மருத்துவர் ஹவுஸின் முகம் இல்லாவிடில் இவ்விற்பனை நிகழ்ந்திருக்குமா? நிகழ்ந்திராது என்றே கூறவேண்டும்.

லாரியின் பக்கத்தில் சொல்லத்தக்கது அவர் பணிசெய்த முறை. தாம் மட்டும் பாடி முடித்திருக்கலாம். அவ்வாறன்றி, ஜோ ஹென்றி என்னும் தயாரிப்பாளர் துணையோடு நியூ ஆர்லியன்ஸின் மூத்தோரை அழைத்தார். அந்நகரின் இசைக்கு அரை நூற்றாண்டு உழைத்த ஆலன் டூசான் ஊதுகருவிப் பகுதிகளை அமைத்தார். சம்மட்டி ஏந்தி நீராவித் துளைப்பொறியோடு போட்டியிட்டு மாண்ட இருப்புப்பாதைத் தொழிலாளி ஜான் ஹென்றியின் பாட்டில் இர்மா தாமஸின் குரல் எழுகிறது. அவ்விடத்தில் லாரி ஒதுங்கி நிற்கிறார். 'ஆஃப்டர் யூவ் கான்' என்னும் பாடலை டாக்டர் ஜானிடமே விட்டுவிட்டார். தம் பெயரில் வரும் தொகுப்பில் பிறரை முன்னிறுத்திப் பின்னின்று வாசிக்க எல்லோருக்கும் மனம் வாராது.

குறைகளும் உள. லாரியின் குரல் மெலிது, ஆழம் போதாது. தொலைக்காட்சியில் பூண்ட அமெரிக்க உச்சரிப்பைப் பாட்டிலும் பூணுவதால், சில அடிகளில் நடிப்பே மேலோங்குகிறது. விரல்கள் நடிப்பதில்லை. முதற்பாடலான 'செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி'யில் பியானோ நெடுநேரம் தனித்து ஒலித்த பின்னரே குரல் எழுகிறது; அம்முன்னிசையே தொகுப்பின் சிறந்த பகுதி எனலாம். அப்பாட்டின் வரலாறும் சுவையானது. மருத்துவமனையில் இறந்து கிடக்கும் காதலியைக் கண்டு வருந்தும் பாட்டு அது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் அதைப் பதிவுசெய்தார். அதன் வேர் பிரித்தானியத் தீவுகளில் வழங்கிய ஒரு பழைய கதைப்பாட்டில் உள்ளது என ஆய்வாளர் பலர் கருதுவர். கடல்கடந்து சென்ற பாட்டு கறுப்பின மக்களின் நாவில் உருமாறி, மீண்டும் ஓர் ஆங்கிலேயனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் தொகுப்பான 'டின்ட் இட் ரெய்ன்' 2013இல் வெளிவந்தது. ஆலன் டூசான் 2015இல் காலமானார்; டாக்டர் ஜான் 2019இல் காலமானார். முதல் தொகுப்பையொட்டி எடுக்கப்பட்ட தொலைக்காட்சிப் படத்தில் டூசானை லாரியோடு காணலாம்.