இரைப்பு நோயும் கொரோனாவும்: குழந்தைகளைக் காக்கும் வழி

கொரோனாத் தொற்று 2020-ம் வருஷத்தில் உலகெங்கும் பரவியபோது, ஆஸ்த்மா என்னும் இரைப்பு நோயுள்ள குழந்தைகளைப் பெற்றோர் அடைந்த கலக்கம் கொஞ்சமன்று. சுவாசத்தைத் தாக்கும் புதிய வியாதி, முன்னமே மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையை என்ன செய்யுமோ என்று அவர்கள் அஞ்சினார்கள். அச்சம் இயற்கையே. ஆயினும் அச்சம் சாட்சியமாகாது. சாட்சியத்தைத் தேடி விசாரித்தவர்கள் ஸ்காட்லாந்து தேசத்தார். அவர்கள் கண்ட முடிவை நமது வாசகர்கள் அறிவது அவசியமெனக் கருதுகிறோம்.

அத்தேசத்தில் குடும்ப வைத்தியர் எழுதும் மருந்து, பரிசோதனையின் முடிவு, ஆஸ்பத்திரிச் சேர்க்கை ஆகிய யாவும் ஒவ்வொருவருக்கும் உரிய சுகாதார எண்ணின்கீழ் பதிவாகின்றன. எடின்பரோ சர்வகலாசாலை அறிஞர்களும் அவர்களுடைய துணைவர்களும் இப்பதிவுகளைக் கொண்டு, 5 முதல் 17 வயது வரையுள்ள 7,52,867 பேரைப் பற்றி 2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரையிலான காலத்துக்கு ஆராய்ந்தனர். அவர்களுள் 63,463 பேர் இரைப்பு நோயுடையவர்கள். தொற்றுக் கண்டவர்களில், இந்நோய் இல்லாதார் நூற்றுக்கு 0.9 பேரும், உள்ளோர் நூற்றுக்கு 1.5 பேரும் கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது. வேற்றுமை உண்டு, ஆனால் எல்லாப் பெற்றோரும் நடுங்க வேண்டிய வேற்றுமை அன்று.

இத்தொகைக்குள் மறைந்து நிற்கும் குழந்தைகள் யார் என்பதே முக்கியம். இரைப்பு முற்றி முன்னரே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த குழந்தைகளுக்கு, நோயில்லாத குழந்தைகளைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அபாயம் இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை இருமுறையோ அதற்கு மேலோ உட்கொள்ள நேர்ந்தவர்களுக்கு மும்மடங்குக்கு மேல். நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்கோ அபாயம் சிறிதே அதிகம். ஆகவே குற்றவாளி ஆஸ்த்மா என்னும் பெயரன்று. கட்டுக்கு அடங்காத ஆஸ்த்மாவே.

சிலருக்கு நோயே கடுமையானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பெரும்பாலோருக்கு அதை அடக்கும் வழி உண்டு. இரைப்பு என்பது மூச்சுக் குழல்களின் உட்புறத்தில் நீடித்திருக்கும் அழற்சி. இழுப்பு வந்தபோது உறிஞ்சும் மருந்து, இறுகிய குழலைச் சில மணி நேரம் தளர்த்துமேயன்றி அழற்சியைத் தணிக்காது. அதைத் தணிப்பது, வைத்தியர் விதித்தபடி தினந்தோறும் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தே. இழுப்பு நின்றவுடன் நோய் ஒழிந்ததென்று அதை நிறுத்திவிடுவதும், இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அஞ்சி ஒளித்து வைப்பதும் குழந்தைக்குச் செய்யும் அநீதியாகும். உறிஞ்சும் மருந்தின் அளவு, மாத்திரையின் அளவோடு ஒப்பிட மிகச் சொற்பம்.

பணமில்லாமையே எல்லாவற்றுக்கும் காரணமென்று கூறுவாரும் உளர். ஸ்காட்லாந்தில் வைத்தியர் எழுதும் மருந்துகளுக்கு 2011 ஏப்ரல் முதல் கட்டணமே இல்லை. அங்கும் கட்டுக்கு அடங்காத நோயுடன் குழந்தைகள் இருந்தார்கள். மருந்து கிடைப்பது மட்டும் போதாது. அது ஒழுங்காகவும் முறையாகவும் உட்செல்கிறதா என்று கவனிப்பவரும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

நமது மாகாணத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோரின் வீட்டு வாயிலுக்கே மருந்தைக் கொண்டு செல்ல, 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கினர். முதியோரைத் தேடிச் சென்ற வழியில் மூச்சிரைக்கும் சிறுவரையும் தேடிச் செல்லலாம். இரைப்புக்காக ஆஸ்பத்திரியை விட்டு வரும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் ஒரு பதிவில் ஏறட்டும். அக்குழந்தையை மாதந்தோறும் ஒருவர் விசாரிக்கட்டும். இதைச் சட்டசபையில் கேட்பது ஜனப் பிரதிநிதிகளின் கடமை. கேட்கச் செய்வது நம் கடமை. அடுத்த கொள்ளைநோய் எப்பொழுது வருமென்று எவரும் அறியார். அது முதலில் யாரைத் தாக்கும் என்பதையோ இப்பொழுதே அறிவோம். அறிந்தும் வாளாவிருக்கும் தேசம் தன் குழந்தைகளுக்கு என்ன மறுமொழி கூறும்?