மேற்கொள்வதும் கைவிடுவதும்

ஆங்கிலம் பழகுவோம் – 12

சென்ற வாரம் வங்கியிலும் அஞ்சலகத்திலும் புழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பார்த்தோம். இந்த வாரம் வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் போவோம். ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வின் முதல் சில நிமிடங்களில் கேட்கப்படுபவை அன்றாட விஷயங்கள்தான்: ஊர், வீடு, வேலை, படிப்பு, ஓய்வு நேரம். வேலைக்கான நேர்முகத் தேர்விலும் பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும்.

இந்தக் கேள்விகளுக்கு நம் பிள்ளைகள் பிழையில்லாமல் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், சொல்லும் விதத்தில் ஒரு விறைப்பு தெரிகிறது. 'ஐ டிஸ்கன்டினியூட் மை ஸ்டடீஸ்' என்று நாம் சொல்வதை, லண்டனில் வளர்ந்த இளைஞர் 'ஐ டிராப்ட் அவுட்' என்று முடித்துவிடுவார். 'ஐ சப்மிட்டட் தி அசைன்மென்ட்' என்பது அவர் வாயில் 'ஐ ஹேண்டட் இட் இன்' ஆகிவிடும். நாம் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. நாம் ஆங்கிலத்தைக் கற்றது பாடநூலிலும் விண்ணப்பப் படிவத்திலும் அரசாணையிலும். அவற்றில் லத்தீன் வழி வந்த கனமான சொற்கள் அதிகம். வீட்டிலும் விளையாட்டிலும் பேசப்படும் ஆங்கிலமோ கெட், கிவ், டேக், புட், கோ போன்ற சின்னஞ்சிறு வினைகளோடு அப், அவுட், ஆஃப், இன், ஆன் போன்ற ஒட்டுச்சொற்களைச் சேர்த்தே காரியத்தை முடித்துக்கொள்கிறது. இந்தக் கூட்டு வினைதான் ஃப்ரேசல் வெர்ப்.

இது கடினம் என்று தோன்றினால் வருத்தப்பட வேண்டாம். 1755-ல் தன் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆங்கிலம் கற்கும் அயல்மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய சிரமத்தைத் தருவது இந்தக் கூட்டுதான் என்பது அவர் கருத்து. ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து, 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' நூலின் வழியாக. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பெயர் அது.

1985-ல் டாகட், லாஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஹீப்ரு பேசும் மாணவர்களை ஆராய்ந்தார்கள். அம்மாணவர்கள் கூட்டு வினையைத் தவிர்த்துவிட்டு, அதே பொருள் தரும் ஒற்றைச் சொல்லையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஹீப்ருவில் இப்படியொரு வினை அமைப்பு இல்லாததே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

தமிழருக்கு அந்தத் தடை இருக்க வேண்டியதில்லை. 'கொள்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்தை மேற்கொள்கிறோம், மருந்தை உட்கொள்கிறோம், சிக்கலை எதிர்கொள்கிறோம், ஒரு வழக்கத்தைக் கைக்கொள்கிறோம். முன்னால் நிற்கும் சிறு சொல் மாற மாற, பொருளும் மாறிக்கொண்டே போகிறது. இவற்றை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுக் கற்றுத்தரவில்லை. பயணம், மருந்து, சிக்கல் என்று அந்தந்தச் சூழலோடு சேர்த்தே மனதில் ஏற்றிக்கொண்டோம். நமக்கு முன்னால் வரும் சிறு சொல் ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது. சில இடங்களில் பொருள்கூட வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. ஒரு பொழுதுபோக்கைப் புதிதாக மேற்கொள்வது 'டேக் அப்', கைவிடுவது 'கிவ் அப்', ஆசிரியர் சொல்வதை உள்வாங்குவது 'டேக் இன்'.

ஒரு கல்லூரி மாணவியின் ஓராண்டைக் கற்பனை செய்வோம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், ஆங்கில வழி வகுப்பில் சேர்கிறார். ஜூலையில் ஒரு கணினிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கிறார். அது 'சைன் அப்'. விரிவுரையாளர் வேகமாகப் பேசுகிறார். அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது 'கீப் அப்'. முடியாமல் பின்தங்குவது 'ஃபால் பிஹைண்ட்'. விட்டதைப் பிடித்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்வது 'கேட்ச் அப்'. மாலையில் அன்றைய குறிப்புகளை மீண்டும் ஒருமுறை பார்க்கிறார். அது 'கோ ஓவர்'. கணக்கைப் போட்டு விடை காண்பது 'ஒர்க் அவுட்'. ஆசிரியர் வகுப்பில் தாள்களை விநியோகிப்பது 'ஹேண்ட் அவுட்', எழுதி முடித்ததை அவரிடம் கொடுப்பது 'ஹேண்ட் இன்'. எளிதாகத் தேறினால் 'செயில் த்ரூ', தட்டுத்தடுமாறித் தேறினால் 'ஸ்கிரேப் த்ரூ'. பருவம் முடிந்து விடுமுறை விடுவதை இங்கிலாந்துப் பள்ளிகளில் 'பிரேக் அப்' என்பார்கள். ஓராண்டின் கதைக்குள் பதினொரு கூட்டு வினைகள் வந்துவிட்டன. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வருவதால் அவை நினைவில் தங்குகின்றன.

இவற்றில் பலரும் தடுக்கி விழும் இடம், செயப்படுபொருளை எங்கே வைப்பது என்பது. அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுவது 'லுக் அப்'. 'லுக் அப் தி வேர்ட்' என்றும் சொல்லலாம், 'லுக் தி வேர்ட் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'வேர்ட்' என்பதற்குப் பதிலாக 'இட்' வந்துவிட்டால், அது நடுவில்தான் நிற்க வேண்டும். 'லுக் இட் அப்' சரி, 'லுக் அப் இட்' தவறு. ஹேண்ட் இன், ஒர்க் அவுட், டேக் அப், கிவ் அப் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வேறு சில கூட்டுகளைப் பிரிக்கவே முடியாது. தங்கையைக் கவனித்துக்கொள்வதை 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றுதான் சொல்ல வேண்டும். புதிய கூட்டு ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போதே 'இட்' சேர்த்து ஒரு வாக்கியமும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

நாம் இங்கே பழகிய சில சொற்கள் கடல் கடந்தால் பொருள் மாறுகின்றன. 'நான் போன வருடம் பாஸ் அவுட் ஆனேன்' என்று நாம் சொல்வது பட்டம் பெற்றதை. ராணுவப் பயிற்சியை முடித்து வெளிவருவதற்கு இங்கிலாந்திலும் அந்தச் சொல் உண்டு. மற்றபடி அங்கே 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. பட்டம் பெற்றதைச் சொல்ல 'கிராஜுவேட்டட்' போதும். தோற்ற பாடத்தை நாம் 'அரியர்' என்கிறோம். அங்கே அது கட்ட வேண்டிய நிலுவைப் பணம். மறுபடி தேர்வு எழுதுவதை அவர்கள் 'ரீசிட்' என்பார்கள். தேர்வை எழுதுகிறோம் என்று நாம் சொல்லும் இடத்தில், 'டேக்' அல்லது 'சிட்' போடுவார்கள். நம் ஊருக்குள் பேசும்போது நம் வழக்கமே போதும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது மட்டும் கவனம் தேவை.

இனி பொழுதுபோக்கு. எல்லா விளையாட்டுக்கும் ஒரே வினை பொருந்தாது என்பது தமிழருக்குப் புதிதல்ல. கபடி ஆடுகிறோம், சிலம்பம் சுற்றுகிறோம், பட்டம் விடுகிறோம், நீச்சல் அடிக்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று வினைகளைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கால்பந்து, சதுரங்கம் போல எதிரணியோ எதிராளியோ உள்ள ஆட்டங்களுக்கு 'ப்ளே'. நீச்சல், மீன்பிடித்தல், மலையேற்றம் போன்றவற்றுக்கு 'கோ' போட்டு 'இங்' சேர்க்க வேண்டும்: 'கோ ஸ்விம்மிங்', 'கோ ஃபிஷிங்'. யோகா, கராத்தே போன்றவற்றுக்கு 'டூ'. 'ப்ளே யோகா' என்றோ 'ப்ளே ஸ்விம்மிங்' என்றோ சொல்லக்கூடாது.

நண்பர்களோடு சும்மா பொழுதைக் கழிப்பது 'ஹேங் அவுட்'. வெளியே போய்ச் சாப்பிடுவது 'ஈட் அவுட்', வெளியே போகாமல் வீட்டிலேயே இருப்பது 'ஸ்டே இன்'. வேலை முடிந்து மெல்ல மெல்ல இளைப்பாறுவது 'வைண்ட் டவுன்'. மழை வந்து ஆட்டத்தை வேறொரு நாளுக்குத் தள்ளி வைத்தால் 'புட் ஆஃப்', ஒரேயடியாக ரத்து செய்துவிட்டால் 'கால் ஆஃப்'. செய்தி கேட்கும்போது இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் மைதானத்துக்கு வீணாக அலைய வேண்டியிருக்கும். கணக்குப் போட வந்த அதே 'ஒர்க் அவுட்' உடற்பயிற்சிக் கூடத்திலும் வரும். அங்கே அதற்குப் பயிற்சி செய்வது என்று பொருள். எந்த இடத்தில் பேசுகிறோம் என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

ஃப்ரேசல் வெர்ப் அகராதிகளின் பருமனைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். 2007-ல் டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் இருவரும் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசிய மொழித் தொகுப்பை அலசினார்கள். அதில் ஃப்ரேசல் வெர்ப் வரும் இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெறும் 25 கூட்டுகளே நிரப்புவதாகக் கண்டார்கள். 100 கூட்டுகளை எடுத்துக்கொண்டால் பாதிக்கும் மேல் வந்துவிடுகிறது. நூறு என்பது ஒரு கோடை விடுமுறைக்குள் அடங்கும் எண்ணிக்கை.

ஒன்றை மறக்க வேண்டாம். கூட்டு வினை பேச்சுக்கும் நண்பருக்கு எழுதும் மடலுக்கும் உரியது. கல்லூரி முதல்வருக்கு எழுதும் விண்ணப்பத்தில் 'சப்மிட்', 'போஸ்ட்போன்' போன்றவையே பொருத்தம். இரண்டையும் தெரிந்து, இடமறிந்து பயன்படுத்துபவரே மொழி வல்லவர்.

இந்த வாரப் பயிற்சி: தினமும் இரவில் அன்றைய படிப்பையும் பொழுதுபோக்கையும் பற்றி ஐந்து வாக்கியங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் இங்கே பார்த்த ஒரு கூட்டு வினையாவது இருக்கட்டும். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். குறிப்பேட்டில் அகர வரிசை வேண்டாம். 'வகுப்பு', 'தேர்வு', 'விளையாட்டு', 'விடுமுறை' என்று பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஐம்பது சொற்களைக் கொடுத்து மறுநாள் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். 'இன்று என்ன நடந்தது, சொல்' என்று கேட்டு, பிள்ளை ஆங்கிலத்தில் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். திருத்த வேண்டியதை அவர்கள் முடித்த பிறகு திருத்துங்கள். தன் நாளைத் தானே சொல்லிப் பழகும் பிள்ளைக்கு எந்த நேர்முகத் தேர்வும் அச்சம் தராது.

(தொடரும்)